அத்தாப்புக் கொட்டகையும் கண்ணாடி மாளிகையும்



மலாக்கா மாநிலத்தில் வாழும் நமக்கு ‘மரபுடைமை’ என்னும் சொல் புதியதன்று. 2008-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் மலாக்கா நகரமும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் ஒருசேர இடம்பெற்றன. அதற்கு முன்பும் பின்பும் நம் பள்ளிகளின் கல்விச் சுற்றுலா என்றால் சிவப்புக் கட்டடமும் ஆ பமோசாவும்தாம். செர்காமிலிருந்து அரை மணி நேரப் பயணம். அவ்வளவு தொலைவுகூடப் போக வேண்டாம் என்பவர்களுக்கு, மெர்லிமாவிலேயே டெமாங் அப்துல் கனியின் மரவீடு இருக்கிறது. வண்ண ஓடுகள் பதித்த அதன் முகப்புப் படிக்கட்டில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத மாணவர் நம் வட்டாரத்தில் குறைவு. இவையெல்லாம் போற்றிக் காக்கப்பட வேண்டியவை என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை.

நான் எழுத வந்தது வேறு கட்டடங்களைப் பற்றி. பெருஞ்சாலையை விட்டு விலகிச் செம்பனைக்குள் நுழையும் செம்மண் சாலைகளின் முடிவில் நிற்பவை அவை. அவற்றிற்குப் பெயர்ப்பலகை கிடையாது; நுழைவுக் கட்டணமும் கிடையாது. இன்னும் சில மழைக்காலங்கள் கழிந்தால் அவையே கிடையா.

நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயரை இங்குக் குறிப்பிடவில்லை. நிலம் கைமாறிவிட்டது, யாரையும் சங்கடப்படுத்துவது என் நோக்கமன்று. குன்றின்மேல் துரை பங்களா. அதற்குச் சற்றுக் கீழே பெரிய கிராணி வீடு. பெரட்டுக் களமும் அங்கே தொங்கிய தண்டவாளத் துண்டும். இரண்டு வரிசை லயம். பால் நிறுக்கும் கொட்டகை, புகைக்கூடம், ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில். ஆற்றோரம் நாற்றுமேடை. என் சிறுவயதில் இவையனைத்தும் இயங்கிக்கொண்டிருந்தன. இன்று கோயில் மட்டும் புதுப்பொலிவுடன் நிற்கிறது. திருவிழாவுக்கு வெளியூர்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள், கூழ் ஊற்றுகிறார்கள், மாலையில் காரேறிச் சென்றுவிடுகிறார்கள். கோயிலுக்குப் பின்னால் ஐம்பதடி நடந்தால் லயம் இருக்கிறது. அங்கே யாரும் நடப்பதில்லை.

கட்டடம் எப்படிச் சாகிறது என்பதை அந்த லயத்தில் கண்கூடாகக் காணலாம். முதலில் போவது கூரை. துத்தநாகத் தகட்டுக்குப் பழைய இரும்புக் கடையில் விலை உண்டு. ஓர் இரவில் நான்கு தகடுகள் காணாமற்போகும். அந்த ஓட்டை வழியே இறங்கும் மழை உத்திரத்தை நனைக்கும். நனைந்த மரத்தைக் கறையான் தேடி வரும். அப்புறம் சுவரின் வெடிப்பில் பறவை எச்சத்தோடு விழுந்த ஆலம்விதை முளைக்கும். ஐம்பது, அறுபது ஆண்டுகள் மக்கள் வாழ்ந்த வீட்டைத் தரைமட்டமாக்க, அவர்கள் வெளியேறிய பின் ஐந்தாறு மழைக்காலங்கள் போதும். ஆள் குடியிருக்கும் வீடு அப்படி விழுவதில்லை; ஒழுகினால் ஒருவர் ஏறி அடைத்துவிடுவார். கட்டடத்தைக் காப்பது சிமெண்டும் சுண்ணாம்பும் மட்டுமல்ல, புழக்கமும்தான் என்று பழைய கொத்தனார்கள் சொல்வது இதனால்தான்.

புகைக்கூடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இக்காலப் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. காலையில் வெட்டிய பால் கொட்டகைக்கு வரும். வடிகட்டி, நீர் கலந்து, திராவகம் ஊற்றித் தொட்டிகளில் உறைய வைப்பார்கள். உறைந்த கட்டியை உருளை இயந்திரத்தில் கொடுத்து மெல்லிய தகடாக்குவார்கள். கடைசி உருளை அதன்மேல் வரிவரியாய்க் கோடு பதிக்கும். பின்னர் ஈரம் வடிய விட்டு, புகைக்கூடத்துள் மூங்கில் கழிகளில் துணி காயப்போடுவதுபோல் தொங்கவிடுவார்கள். அடியில் பால்மர விறகு எரியும். நான்கைந்து நாள் மெல்லிய சூட்டிலும் புகையிலும் கிடந்து, வெள்ளைத் தகடு தேன் நிறமாகி வெளியே வரும். புகையிட்டால் பூஞ்சணம் பிடிக்காது. கப்பலேறி நெடுந்தொலைவு போகலாம். அந்தக் கட்டடத்தின் சிறுசிறு காற்றுத் துளைகள், மேலே திறந்து மூடும் பலகைகள், உயர்ந்த கூரை எல்லாம் வேலை தெரிந்தவர்கள் கணக்குப் பார்த்துக் கட்டியவை. எங்கள் தோட்டத்துப் புகைக்கூடத்தின் உட்சுவர் இன்றும் கரியேறிப் பளபளக்கிறது. உள்ளே நின்றால் இன்றைக்கும் அந்த வாசம் வருகிறது. வரலாற்றுப் பாடநூலின் எந்தப் பக்கத்திலும் வாசம் வராது.

ஆயாக் கொட்டகை இப்போது இல்லை. இடம் தேவைப்பட்டது என்றார்கள். பொறி வந்தது; ஒரு முற்பகலில் வேலை முடிந்தது. விடியுமுன் வேலைக்குப் போன தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுச் சென்ற இடம் அது. குறுக்கு உத்திரத்தில் சேலை ஏணைகள் கட்டித் தேய்ந்த தடங்கள் இருந்தன. அவற்றைப் படமெடுத்து வைத்தவர் எவருமில்லை.

இனி, நாற்றுமேடைக்கு வருகிறேன். அதைப் பேசத் தொடங்கினால் கதை நம் தோட்டத்தில் தொடங்காது, இலண்டனில் தொடங்கும்.

1876-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஹென்றி விக்ஹம் என்பவர் பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர்க் கொட்டைகளை இலண்டனின் கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டுவந்து சேர்த்தார். குளிர்நாட்டில் வெப்பநாட்டு விதை முளைக்க வேண்டுமானால் கண்ணாடிக் குடில் வேண்டும். கியூவில் சூடேற்றப்பட்ட குடில்களில் அவற்றை விதைத்தார்கள். ரப்பர்க் கொட்டை விரைவில் உயிர்ப்பை இழந்துவிடும் தன்மையது. எனவே நூற்றுக்கு நான்குகூட முளைக்கவில்லை. முளைத்தவற்றுள் பெரும்பகுதி, ஏறக்குறைய 1,900 நாற்றுகள், அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877-இல் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் 9 கோலகங்சாருக்குப் போயின. அப்போது நட்ட மரங்களுள் ஒன்று இன்றும் அங்கே வேலியும் குறிப்புப் பலகையுமாகக் காக்கப்படுகிறது.

கடல்வழி வந்த அந்த நாற்றுகள் பயணம் செய்ததும் ஒரு குட்டிக் கண்ணாடிக் குடிலில்தான். நத்தானியல் வார்டு என்ற இலண்டன் மருத்துவர் கண்டறிந்த பெட்டி அது. இறுக மூடிய கண்ணாடிக்குள் செடி தன் ஈரத்தைத் தானே ஆவியாக்கி, தானே மீண்டும் பெற்றுக்கொள்ளும். கப்பல் தளத்தில் உப்புக் காற்றுப் படாமல் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஐந்தாம் ஆண்டு அறிவியலில் நீர்ச் சுழற்சி நடத்தும்போது ஒரு கண்ணாடிப் புட்டியில் சிறு பெரணிச் செடியை வைத்து மூடிக் காட்டுவேன். நம் தோட்டமெல்லாம் இப்படி ஒரு பெட்டிக்குள் வந்ததுதான் என்று சொன்னால் மாணவர்கள் வாய்பிளந்து கேட்பார்கள்.

சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்கு 1888-இல் இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். ரப்பர் நடுங்கள் என்று காப்பித் தோட்டத்துரைமாரிடம் சலிக்காமல் சொல்லித் திரிந்தவரைக் கிறுக்கர் என்று எள்ளினார்கள். அவர் பேச்சைக் கேட்டு முதலில் துணிந்தவர் நம் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. 1967-இல் தொழிலாளர்கள் கோலாலம்பூர் நோக்கி நீண்ட நடைப்பயணம் புறப்பட்டதும் அதே புக்கிட் அசஹானிலிருந்துதான். ஆக, இந்நாட்டை வளப்படுத்திய ஒரு தொழிலின் முதற்பக்கம் நம் மாநிலத்தில், நம் ஜாசின் வட்டாரத்தை ஒட்டியே எழுதப்பட்டது. புக்கிட் லிந்தாங்கின் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளி இன்றும் இருக்கிறது. அந்தப் பெயர் சுமக்கும் செய்தியை நம்மில் எத்தனை ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லியிருக்கிறோம்?

எங்கள் நாற்றுமேடைக்குக் கண்ணாடி இல்லை. கியூவுக்கு வேண்டியது வெப்பம்; செர்காமுக்கு வேண்டியதோ நிழல். நான்கு வரிசைக் கம்பு நட்டு, மேலே அத்தாப்பு வேய்ந்த தாழ்ந்த கொட்டகை. அடியில் மணற்பாத்தி. கொட்டைகளை வரிசையாகப் பதித்து, காலையும் மாலையும் பூவாளியால் நீர் தெளிப்பார்கள். இரண்டு மூன்று வாரத்தில் முளை தலைகாட்டும். நாற்றுத் தண்டு தடித்தபின் ஒட்டுக் கட்டும் வேலை. என் தாயார் செய்தது அதைத்தான். தண்டின் அடியில் கூரிய கத்தியால் பட்டையைச் சிறு சன்னல்போல் திறந்து, நல்லினக் கிளையிலிருந்து பெயர்த்த கண்ணை அதற்குள் செருகி, நெகிழிப் பட்டையால் கீழிருந்து மேலாகச் சுற்றிக் கட்ட வேண்டும். மழைநீர் உள்ளே இறங்கிவிடக் கூடாது. அதற்குத்தான் கீழிருந்து மேல். மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்து, கண்ணருகே நகத்தால் இலேசாகக் கீறிப் பார்ப்பார்கள். பச்சை தெரிந்தால் பிழைத்தது; பழுப்பென்றால் போயிற்று. ஆர்ஆர்ஐஎம் 600 போன்ற ஆய்வுக்கழக இனங்கள் காடுகாடாய்ப் பரவியது இப்படிப்பட்ட பெண்களின் விரல்நுனியால்தான். எழுபது கடந்த என் தாயார், கைநடுக்கம் வந்த பிறகும், வீட்டு வாசலில் செம்பருத்திக்கு ஒட்டுக் கட்டிக் காட்டுகிறார்.

கியூ தோட்டத்தின் மிகப் பெரிய கண்ணாடி மாளிகையான மிதவெப்ப மாளிகை, துருப்பிடித்துப் பழுதுற்றதால் 2013-இல் மூடப்பட்டது. நம் ரப்பர்க் கொட்டைகள் முளைத்த குடில் அதுவன்று. என்றாலும் அதே தோட்டத்து மரபு. ஐந்தாண்டுகள் உழைத்து, 15,000 கண்ணாடித் தகடுகளை மாற்றி, 41 மில்லியன் பவுண்டு செலவில் 2018 மே மாதம் மீண்டும் திறந்தார்கள். பொறாமையால் இதைச் சொல்லவில்லை. இரும்பும் கண்ணாடியும் பழுதானால் மாற்றலாம். அத்தாப்பின் இயல்பு வேறு. அது சில ஆண்டுகளில் மக்கும். புதிதாய்ப் பின்னி வேய்வார்கள், அதுவும் மக்கும். நான் பார்த்த கொட்டகை என் பாட்டி காலத்துக் கொட்டகையன்று. ஆனாலும் அதே கொட்டகைதான். அதைக் கட்டடமாகப் பாதுகாக்க இயலாது. கட்டத் தெரிந்த கையைத்தான் பாதுகாக்க இயலும். நம் மக்களின் உடைமைகளில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. மரபுடைமை என்றதும் கல்லையும் செங்கல்லையும் மட்டும் தேடுகிறவர்களின் கண்ணுக்கு இவை படாமல் போவதில் வியப்பில்லை.

இதையெல்லாம் ஒருநாள் என் பெரியம்மாவிடம் ஆர்வத்தோடு சொல்லிக்கொண்டிருந்தேன். லயத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற இடத்தில் அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

“படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது? அந்தப் பொந்துல என்னா இருக்குன்னு காப்பாத்தணுங்கிற? மழை பேஞ்சா ஒழுகும். அடுத்த வூட்டுல ஒருத்தன் இருமுனா நம்ம வூட்டுப் புள்ள முழிச்சுக்கும். நாங்க பட்டதெல்லாம் போதும். இடியட்டும், வுடு.”

இந்தச் சினத்தைத் தட்டிக்கழித்துவிட்டு மரபுடைமை பேசுவது நேர்மையாகாது. தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் சட்டமே 1966-இல்தான் வந்தது. அங்கே வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சுவர் பெருமையன்று, தழும்பு. ஆயினும் பெரியம்மாவின் சொற்களிலேயே எனக்கு விடை கிடைத்தது. அடுத்த வீட்டு இருமல் ஏன் கேட்டது? லயத்தின் இடைச்சுவர் கூரைவரை எட்டுவதில்லை. ஆளுயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். அதற்குமேல் ஒரே திறந்தவெளி, கடைக்கோடி வீடுவரை. ஒரு குடும்பத்தின் சண்டையும் சிரிப்பும் முனகலும் பத்துக் குடும்பங்களுக்குப் பொது. இதை நான் எழுதினால் ஒரு வரி. ஒரு பிள்ளையை அந்த அறையில் நிறுத்தி, அடுத்த அறையில் மெல்லப் பேசச் சொன்னால் அவனுக்கே புரிந்துவிடும். பெருமைக்காக வேண்டாம், சாட்சிக்காகவேனும் ஒரு வரிசை நிற்கட்டும் என்பதே என் வாதம். பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அரை மணி நேரம் கழித்து, எந்த அறையில் யார் இருந்தார்கள் என்று முதல் வீட்டிலிருந்து வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். நான் கைப்பேசியில் பதிந்துகொண்டேன்.

இலங்கை மலையகத்தில் இந்த இருவேறு நினைவுகளும் இரு அரும்பொருளகங்களாகவே இருக்கின்றன. கண்டிக்கு அருகே ஹந்தானையில் 1925-இல் எழுந்த தேயிலை ஆலை, 2001-இல் தேயிலை அரும்பொருளகமாயிற்று. பழைய இயந்திரங்கள், துரைமார் பயன்படுத்திய பொருள்கள், மேல்தளத்தில் தேநீர். கம்பளைக்கு அருகே, 2007-இல், பழைய லயன் அறைகளிலேயே தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகம் ஒன்று தொடங்கப்பட்டது. கொழுந்துக் கூடை, அம்மி, விளக்கு, ஆவணங்கள். வசதிகள் குறைவு, ஆனால் வாழ்ந்தவர்களே தம் வாழ்வைக் காட்டுகிறார்கள். நம் நாட்டில் முதல்வகைக்கு எடுத்துக்காட்டு உண்டு: பத்து காஜாவில் கெல்லி கோட்டை. தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1926-இல் இறந்ததால் முற்றுப்பெறாமல் நின்ற மாளிகை. இன்று சுற்றுலாப் பயணிகள் பேய்க்கதை கேட்கப் போகிறார்கள். அதைக் கட்டிய தமிழர்களுக்காக அவர் எழுப்பிக்கொடுத்த மாரியம்மன் கோயில் அருகிலேயே இருக்கிறது. அதன் மேற்புறத்தில் அவருடைய உருவமும் நிற்கிறது. முதலாளியின் உருவம் சிலையாயிற்று. சுமந்தவர்கள் தங்கிய இடம் எது என்று கேட்டுப் பாருங்கள்.

நம்மால் என்ன ஆகும் என்று பெற்றோர் கேட்கக்கூடும். 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி, ஓர் இடத்தைத் தேசிய மரபுடைமையாக அறிவிக்குமாறு எவரும் முன்மொழியலாம். மலாக்காவுக்கு 1988-ஆம் ஆண்டிலேயே தனிப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. ஆனால் தனியார் நிலமெனில் உரிமையாளர் இருக்கிறார், மாநில அரசின் ஒப்புதல் இருக்கிறது, காலம் எடுக்கும். கறையான் காத்திராது. ஆகவே நான் பெரிய விண்ணப்பங்களைவிடச் சிறிய கோரிக்கைகளையே நம்புகிறேன். கூரையில் போன தகடுகளுக்கு ஈடாகச் சில தகடுகள். சுவரோரம் வாய்க்காலைத் தூர்வாருதல். ஆலங்கன்று விரலளவு இருக்கும்போதே வெட்டுதல். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழஞ்சுவரில் சிமெண்டைப் பூசாதிருத்தல். சிமெண்டு ஈரத்தை உள்ளேயே அடைத்து, செங்கல்லைப் பொடியாக்கிவிடும். நல்லெண்ணத்தோடு பூசப்பட்ட சிமெண்டால் பொடிந்த சுவர்களை நானே கண்டிருக்கிறேன். இவற்றைக் கேட்டால் நிருவாகத்தினர் எப்போதும் மறுப்பதில்லை. எங்கள் கோரிக்கைக் கடிதம் இரண்டு மாதம் மேசையில் கிடந்தது. பின்னர்ப் புகைக்கூடத்தின் கூரைக்கு மட்டும் இசைவு வந்தது. அதுவே போதும் என்று ஏற்றுக்கொண்டோம்.

யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் அகற்றப்பட்டபின் ஆறாம் ஆண்டு மாணவர்களோடு செய்வதற்குக் கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கிறது. அதை இதற்குப் பயன்படுத்துகிறோம். தோட்ட நிருவாகத்தின் எழுத்துவழி இசைவு, பெற்றோர் கையொப்பம், உடன்வர மூன்று தந்தைமார், நீண்ட காற்சட்டை, காலணி. கூரை ஆடும் கட்டடத்துள் யாரும் நுழைவதில்லை. வெளியே நின்றே அளக்கிறோம். உறுதியாக நிற்கும் கோடிவீட்டில் மட்டும் உள்ளே சென்றோம். அளவுநாடா காட்டியது 10 அடிக்கு 12 அடி. அந்த அறையில் எட்டுப் பேர் வாழ்ந்தார்கள் என்று உடன்வந்த தாத்தா ஒருவர் சொன்னதும், சொல்லாமலேயே எட்டு மாணவர்கள் உள்ளே போய்ப் படுத்துப் பார்த்தார்கள். அதன்பின் கட்டத்தாளில் விகிதப்படி வரைந்தார்கள். கணித ஆசிரியர் மிகவும் மகிழ்ந்தார். பரப்பளவு பாடத்திற்கு இத்தனை ஆர்வம் அவர் கண்டதில்லையாம். மொழிப்பாடத்திற்குச் சொல்லகராதி ஒன்று வளர்கிறது: பெரட்டு, நிரை, மங்கு, காண்டா வாளி, ஒட்டுப்பால். ஒவ்வொரு சொல்லுக்கும் சொன்னவர் பெயரும் நாளும் குறிக்கிறோம்.

அடுத்த திட்டம் பள்ளித் தோட்டத்தில் ஒரு நாற்றுக் கொட்டகை எழுப்புவது. கறுப்பு வலையால் மூடிவிடலாம், மலிவு என்று சொன்னார்கள். அத்தாப்புதான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒட்டுக் கட்டக் கற்றுத்தர என் தாயார் இருக்கிறார். அத்தாப்புப் பின்ன நம்மவர்களில் இப்போது யாருக்கும் தெரியவில்லை. அக்காலத்திலும் தோட்டத்துக்கு அத்தாப்பு, கடலோர மலாய்க் கம்பத்திலிருந்துதான் வந்தது. விசாரித்ததில், நீப்பா ஓலையை மடித்துக் குச்சியில் கோத்துத் தைக்கத் தெரிந்த ஒரு மலாய்ப் பாட்டி கிடைத்திருக்கிறார். பள்ளிக்கு வர ஒப்புக்கொண்டார்; ஓலையைத் தாமே பார்த்து வெட்டித் தருவதாகவும் சொன்னார். கூலி கேட்கவில்லை, பிள்ளைகள் பேசாமல் உட்கார வேண்டும் என்று மட்டும் கேட்டார். கம்புகள் இன்னும் கிடைக்கவில்லை. வீட்டுப் பின்புறம் மூங்கில் வைத்திருக்கும் பெற்றோர் இருந்தால், ஏழடி நீளத்தில் பன்னிரண்டு வேண்டும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் பள்ளி வாயிலில் சேர்த்துவிட்டால் உதவியாக இருக்கும்.